டெல்டா வீட்டில் லெப்பர்ட் கெக்கோ குஞ்சு: இருப்பிடமும் இரையும்

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியின் வளர்ப்பைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்பதே அவற்றின் முதல் கவலை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நிலைமை வேறு. சித்திரையிலும் வைகாசியிலும் சூட்டைத் தணிக்கப் படாதபாடு பட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். தரைக்குச் சூடு கொடுக்கும் வேலை மழைக்காலத்தில் தொடங்கி மாசியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். வெளிநாட்டுக் குறிப்பை அப்படியே பின்பற்றி, மே மாதத்திலும் ஹீட் மேட்டை (தொட்டிக்கு அடியில் ஒட்டும் மின்சூட்டு விரிப்பை) எரியவிட்டுக் குஞ்சைப் பறிகொடுப்பவர்கள் உண்டு. அப்படி நேராமல் இருக்க, நம் ஊர்ப் பருவத்தை ஒட்டி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

இது நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியின் உறவுதான் என்றாலும் பழக்கம் வேறு. விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, கண்ணாடியில் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு. பகலெல்லாம் பதுங்கிக் கிடந்து, பொழுது சாயும்போது இரை தேடும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலம் இதன் ஊர். பொரித்த குஞ்சு ஏறக்குறைய 3 கிராம் எடையும் 8 செ.மீ. நீளமும் இருக்கும், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். வளர வளரப் பட்டை உடைந்து புள்ளியாகும். நன்றாகப் பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வாங்கித் தந்தால், அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். இதை யோசித்த பிறகே வாங்குங்கள்.

வாங்கும் முன்

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. அதன்படி, சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். லெப்பர்ட் கெக்கோவின் இயற்கை வாழிடத்தில் நம் நாட்டின் வடமேற்குப் பகுதியும் வருகிறது. ஆகவே காட்டில் பிடித்ததோ என்று சந்தேகம் வரும் எதையும் தொடாதீர்கள். வளர்ப்பிடத்தில் பொரித்த குஞ்சு என்பதற்கான ரசீதும் பெற்றோர் விவரமும் எழுத்தில் வேண்டும். அவற்றைக் காட்டி மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு, வளர்க்கத் தடையில்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். விற்பவர் காகிதம் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இரண்டாவது, குஞ்சின் நிலை. முதல்முறை வளர்ப்பவர்கள் இரண்டு மாதம் தாண்டிய, 10 கிராமுக்கு மேல் எடையுள்ள குஞ்சைத் தேடுவது நல்லது. வால் கழுத்து அளவுக்காவது பருத்திருக்க வேண்டும். அதன் கொழுப்புச் சேமிப்பே அங்கேதான். விரல்கள் எல்லாம் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நடக்கும்போது வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்க வேண்டும். இழுத்துக்கொண்டு நடந்தால் எலும்பு பலவீனம். உங்கள் கண்ணெதிரே ஒரு பூச்சியைப் போடச் சொல்லி, குஞ்சு பிடித்துத் தின்கிறதா என்று பாருங்கள். என்ன இரை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது தோலுரித்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அதே இரையைத்தான் கொடுக்க வேண்டும்.

தொட்டி அமைப்பது

குஞ்சு வருவதற்கு ஒரு வாரம் முன்பே தொட்டி தயாராகி, வெறும் தொட்டியாகவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தில்தான் உங்கள் வீட்டின் வெப்பம் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியும்.

மீன் தொட்டி செய்யும் கடையில் 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரத்தில் செய்யச் சொல்லலாம். முழுக்கக் கண்ணாடியாகச் செய்ய வேண்டாம். மேல்மூடி முழுவதும் நுண்ணிய கம்பி வலையாகவும், ஒரு பக்கச் சுவரில் தரையிலிருந்து கைப்பிடி உயரத்தில் 5 செ.மீ. அகலத்துக்கு வலைப்பட்டையும் இருக்கட்டும். கீழே நுழையும் காற்று மேலே போனால்தான் ஐப்பசி மழையில் உள்ளே பூஞ்சை பிடிக்காது. சிலிக்கான் ஒட்டியதன் புளித்த வாடை முற்றும் போகும்வரை திறந்து காயவிடுங்கள்; இரண்டு மூன்று நாளாகும்.

தரையில் டிஷ்யூ பேப்பர் அல்லது எழுத்தில்லாத வெள்ளைத் தாள் போதும். கொள்ளிடத்து மணலைச் சலித்துப் போட்டால் அழகாக இருக்கும் என்று தோன்றும், வேண்டாம். குஞ்சு பூச்சியைக் கவ்வும்போது மணலையும் சேர்த்து விழுங்கும், குடலில் அடைத்துக்கொள்ளும். கால்சியம் குறைவான குஞ்சு மணலை வேண்டுமென்றே நக்கித் தின்னும். தாள் போட்டால் எச்சத்தின் நிறமும் அளவும் தெளிவாகத் தெரியும். முதல் ஆறு மாதத்துக்கு அதைவிட முக்கியமான தகவல் வேறில்லை.

பதுங்கிடம் மூன்று வேண்டும்: சூடான ஓரத்தில் ஒன்று, குளிர்ந்த ஓரத்தில் ஒன்று, ஈரமானது ஒன்று. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பழைய வீட்டில் இறக்கிப் போட்ட நாட்டு ஓடு இதற்கென்றே வார்த்தது போலிருக்கும். வெந்நீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கவிழ்த்து வையுங்கள். முதுகு ஓட்டில் லேசாக உரசும் அளவுக்கு இடம் குறுகலாக இருந்தால்தான் குஞ்சுக்குப் பயம் போகும். ஈரப் பதுங்கிடத்துக்குக் கொட்டாங்கச்சி ஒன்றில் 3 செ.மீ. வாசல் அறுத்து, விளிம்பை உப்புத்தாள் கொண்டு மழமழவென்று தேய்த்துவிட்டு, உள்ளே பிழிந்த ஈர டிஷ்யூவை வையுங்கள். டிஷ்யூவை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் ஊரே நனைந்திருக்கும்போது இது எதற்கு என்று எடுத்துவிடாதீர்கள். தோலுரிக்கும் நேரத்தில் அந்த மூலை ஒன்றில்தான் அது உடம்பைத் தேய்க்கும்.

தொட்டியை எந்த அறையில் வைப்பது என்பதுதான் டெல்டா வீட்டில் பெரிய முடிவு. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும், ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையும் கூடாது. தரைத்தளத்தில் வடக்கு அல்லது கிழக்குப் பக்க அறை நல்லது. ஜன்னல் வெயில் தொட்டியில் படவே கூடாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் விழுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகும் சூடாகிவிடும். கண்ணாடி வழியாக வரும் வெயிலால் எலும்புக்கும் பயனில்லை. எலும்புக்குத் தேவையான யூவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடியே தடுத்துவிடும்.

ஒரு தொட்டிக்கு ஒரு கெக்கோ. இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து வைத்தால் பெரியது சின்னதை இரைக்கு அண்டவிடாது, வாலையும் விரலையும் கடிக்கும்.

சூடும் ஈரமும், மாதம் மாதமாக

கெக்கோ வயிற்றின் கீழ் கிடைக்கும் சூட்டில்தான் இரையைச் செரிக்கும். சூடான ஓரத்துத் தரை 31 முதல் 33 டிகிரி. குளிர்ந்த ஓரம் 25 முதல் 28 டிகிரி. இரவில் 21, 22 வரை இறங்கினாலும் பாதகமில்லை. இரண்டு ஓரத்திலும் சென்சார் வைத்த டிஜிட்டல் வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்க நெற்றியில் காட்டும் கருவியை நம்பாதீர்கள். அது உடம்புச் சூட்டுக்காக அமைத்தது.

ஹீட் மேட் 7 முதல் 10 வாட் போதும். தொட்டியின் அடிப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்கக் கூடாது. வெளிப்புறம், அடியில் ஒட்டுங்கள். தொட்டியின் நாலு மூலையிலும் சிறு ரப்பர் கட்டை வைத்து ஒரு விரல் கனத்துக்குத் தூக்கிவிடுங்கள். காற்று இடைவெளி இல்லாவிட்டால் சூடு தேங்கிக் கண்ணாடி விரிசல் விடும். தெர்மோஸ்டாட் (குறித்த சூட்டில் மின்சாரத்தைத் தானே நிறுத்தும் கருவி) இல்லாமல் மேட்டை மாட்டவே கூடாது. தெர்மோஸ்டாட்டின் சென்சாரைத் தொட்டிக்குள், மேட்டுக்கு நேர் மேலே தரையோடு டேப் போட்டு ஒட்டி 32-இல் வையுங்கள். சென்சார் நழுவிக் குளிர்ந்த பக்கம் போய்விட்டால் மேட் நிற்காமல் எரியும், வயிறு வெந்துவிடும். வாரம் ஒருமுறை அந்த டேப்பை அழுத்திப் பாருங்கள். சூட்டுக்கல் (உள்ளே மின்சூடு வைத்த கல்) என்று விற்பதை வாங்காதீர்கள், காரணம் இதேதான்.

பங்குனி முதல் ஆனி வரை: அறை தானாகவே 32-ஐத் தாண்டும். மேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இப்போது கவலை எல்லாம் குளிர்ந்த ஓரத்தைப் பற்றித்தான். அது 30-ஐத் தாண்டினால் வேலையைத் தொடங்குங்கள். 35-ஐத் தொட விடவே கூடாது. அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துண்டில் சுற்றி, குளிர்ந்த ஓரத்துக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள். இரண்டு பாட்டில் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். கத்திரி வெயிலில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பிற்பகல் காற்று வறண்டிருக்கும். அப்போது ஓட்டை நனைத்துக் குளிர்ந்த ஓரத்தில் வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி குறையும். நாகை, வேதாரண்யம் கடற்கரையில் இது பலிக்காது. காற்றிலேயே ஈரம் இருப்பதால் ஓடு உலராது, புழுக்கம்தான் கூடும். ஏர் கூலர் காற்றை நேராகத் தொட்டியில் விடாதீர்கள். ஏசி அறையாக இருந்தால் 27-இல் வைத்து மேட்டை மீண்டும் போட்டுக்கொள்ளலாம்.

குஞ்சு வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால், குளிர்ந்த மூலையில் தட்டையாக ஒட்டிக் கிடந்தால், சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, பாதம் மட்டும் நனையும் அளவு சாதாரணத் தண்ணீரில் விடுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது.

ஐப்பசி முதல் மார்கழி வரை: அறை 25-ஐச் சுற்றி இருக்கும், ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். இந்த இனத்துக்கு 40 விழுக்காடு போதும். இங்கே அது கிடைக்காது. 60-க்குக் கீழ் வைக்க முயலுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சிறிதாக்குங்கள், தாளைத் தினமும் மாற்றுங்கள், அறையில் மின்விசிறி மெதுவாக ஓடட்டும், தொட்டிக்கு அருகே துணி காயப்போடாதீர்கள். மூக்கில் குமிழி, மூச்சில் சத்தம் என்றால் நுரையீரலில் தொற்று. கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

புயல் காலத்து மின்வெட்டுக்கும் ஆயத்தம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, பல கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கானது. 24 டிகிரியில் கெக்கோ சாகாது. ஆனால் தரைச் சூடு இல்லாமல் தின்ற இரை வயிற்றிலேயே அழுகும். மேட் நின்ற நாளிலிருந்து இரையை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வையுங்கள். குடிக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, பதுங்கிடத்தை ஒட்டி வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும்.

இரை

கெக்கோ உயிருள்ள பூச்சியை மட்டுமே தின்னும். பழம், சோறு, இறைச்சித் துண்டு எதுவும் ஆகாது. அடிப்படை இரை மூன்று: வளர்ப்புச் சுவர்க்கோழி, மீல்வார்ம் புழு, டூபியா என்ற வளர்ப்புக் கரப்பான். அரோவனா மீனுக்கு விற்கும் சூப்பர்வார்ம் புழு குஞ்சுக்குப் பெரிது, தாடையும் வலுவானது.

பூச்சியின் அகலம் குஞ்சின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைத் தாண்டக் கூடாது. பெரிதாகக் கொடுத்தால் விழுங்கிய பின் கக்கிவிடும். எண்ணிக்கைக்குக் கணக்கு எளிது: 2.5 செ.மீ. உடல் நீளத்துக்கு இரண்டு பூச்சி. 10 செ.மீ. குஞ்சுக்கு ஒருவேளைக்கு எட்டு. நாலு மாதம்வரை தினமும், ஒரு வயதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை. விளக்கு வைக்கும் நேரம்தான் சரியான நேரம். இடுக்கியால் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். கால் மணி நேரத்தில் தின்னாமல் விட்டதை வெளியே எடுத்துவிடுங்கள். சுவர்க்கோழி உள்ளேயே தங்கினால் பதுங்கித் தூங்கும் குஞ்சின் கண்ணையும் வாலையும் கடிக்கும்.

வயலில் வெட்டுக்கிளியும் தத்துப்பூச்சியும் இலவசமாகக் கிடைக்கின்றனவே என்ற எண்ணம் நம் பக்கம் எல்லோருக்கும் வரும். குறுவையிலும் சம்பாவிலும் பூச்சிமருந்து அடிக்காத வயல் அரிது. மருந்து பட்டும் சாகாத பூச்சி, 10 கிராம் குஞ்சைக் கொல்லப் போதுமான நஞ்சைச் சுமந்திருக்கலாம். தெருவிளக்கில் மொய்க்கும் பூச்சிக்கும், வீட்டுக் கரப்பானுக்கும் இதே விதி. மின்மினியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் உடம்பிலேயே இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. ஒன்றைத் தின்றாலே பல்லியினங்கள் இறந்துபோகலாம். மழை ஓய்ந்த இரவுகளில் தொட்டி மூடியில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பூச்சியை வீட்டிலேயே வளர்ப்பதுதான் நல்ல வழி. புதியவர்களுக்கு மீல்வார்ம் எளிது. அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் கோதுமைத் தவிடு 3 செ.மீ. உயரத்துக்குப் போட்டு, மூடியில் வலை வைத்து, ஈரத்துக்குக் கேரட் துண்டு போடுங்கள். அரிசித் தவிடு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். மழைக்காலத்தில் தவிட்டை வெறும் வாணலியில் சூடேற வறுத்து ஆறவைத்துப் போட்டால் செள்ளும் பூஞ்சையும் தள்ளிப்போகும்; கேரட்டை மறுநாளே எடுத்துவிட வேண்டும். கோடையில் புழு மடியத் தொடங்கினால் டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். வளர்ச்சி நின்று அப்படியே இருக்கும். வாரம் ஒருநாள் வெளியே எடுத்துத் தீனி போடுங்கள். மீல்வார்ம் மட்டுமே கொடுத்துப் பழக்காதீர்கள். கொழுப்பு அதிகம், தோல் கடினம். வாரத்தில் பாதி நாளாவது சுவர்க்கோழியோ டூபியாவோ இருக்கட்டும்.

பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் கெக்கோவின் வயிற்றுக்குப் போகிறது. கொடுப்பதற்கு ஒருநாள் முன்பே முருங்கைக்கீரை, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, கொஞ்சம் கோழிக்குஞ்சுத் தீவனம் போடுங்கள். பசலை வேண்டாம்; அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிவிடும். கீரை மருந்தில்லாத கொல்லைக் கீரையாக இருக்க வேண்டும்.

கால்சியம்

பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் எலும்புக்கு இது நேர்மாறாக வேண்டும். தூள் தூவாமல் சில வாரம் கொடுத்தால் தாடை ரப்பர் போல மெத்தென்று ஆகும், கால் வளையும், விரல் துடிக்கும். வளைந்த எலும்பு பிறகு நிமிராது.

சுத்தமான கால்சியம் கார்பனேட் தூள் வேண்டும். ஊர்வனவற்றுக்கென விற்கும் தூள் கிடைக்காவிட்டால், நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். அது கணவாய் மீனின் ஓடு, ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை நாலைந்து முறை மாற்றி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, கெட்டி மேலோட்டைச் சுரண்டிப் போட்டுவிட்டு, உள்ளே வெள்ளையாக இருக்கும் பகுதியை மட்டும் மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். விரலிடையில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்க வேண்டும். நறநறத்தால் பூச்சியின் மேல் ஒட்டாது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது கடும் காரம், வாயும் குடலும் வெந்துவிடும். மனிதர்கள் சாப்பிடும் கால்சியம் மாத்திரையையும் பொடித்துப் போடாதீர்கள்.

யூவிபி விளக்கு இல்லாத தொட்டியில் தினமும் இரை தின்னும் குஞ்சுக்கு இப்படி: வாரத்தில் நாலு நாள் வெறும் கால்சியம், இரண்டு நாள் வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம், ஒருநாள் ஊர்வனவற்றுக்கான மல்டிவிட்டமின். கடல் நுரைத் தூளில் டி3 கிடையாது, ஆகவே அந்த இரண்டு நாளுக்கும் தனித் தூள் வாங்கித்தான் ஆக வேண்டும். டி3 கூடினாலும் நஞ்சு. சிறு டப்பாவில் பூச்சியைப் போட்டு, ஒரு சிட்டிகை தூளிட்டு இரண்டு குலுக்கு. லேசாக வெளுத்தால் போதும். சுவர்க்கோழி சில நிமிடத்தில் உடம்பைத் துடைத்துக்கொள்ளும், உடனே கொடுங்கள். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவைக்காவிட்டால் நம் ஈரக்காற்றில் தூள் கட்டிபிடிக்கும். திறந்து ஆறு மாதமான டி3 தூளைக் கொட்டிவிட்டுப் புதிது வாங்குங்கள்.

அன்றாடக் கவனிப்பு

தண்ணீர்: ஜாடி மூடி அளவுக் கிண்ணம், 1 செ.மீ. ஆழம், தினமும் மாற்றம். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும். நீங்கள் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள்.

குஞ்சு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலுரிக்கும். உடம்பு வெளிறிப்போய், இரையை ஒதுக்கும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும். மறுநாள் விரல்களைப் பாருங்கள். நுனியில் தோல் வளையமாகத் தங்கிவிட்டால் ரத்தம் ஓடாமல் விரலே உதிரும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிற்கவைத்து, ஈரமான பஞ்சுக் குச்சியால் நுனியை நோக்கி உருட்டி எடுங்கள். பிய்க்காதீர்கள்.

வந்த முதல் இரண்டு வாரம் கையில் எடுக்க வேண்டாம். பிறகும் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கழன்றுவிடும். மீண்டும் முளைக்கும் என்றாலும் சேமித்த கொழுப்பு போய்விடும். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் தராதீர்கள்.

வீட்டுக்குள் வேறு ஆபத்துகளும் உண்டு. கொசுவர்த்தி, கொசு விரட்டித் திரவம், எறும்பு சாக்பீஸ் எல்லாமே பூச்சிக்கொல்லிதான். அந்த அறையில் கொசுவலைக்கு மாறிவிடுங்கள். எறும்பு வராமல் இருக்க ஸ்டாண்டின் நாலு காலையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வெறும் தண்ணீராக இருந்தால் கொசு முட்டையிடும். வீட்டுப் பல்லியைத் தேடிச் சுவரேறும் வெள்ளிக்கோல் வரையன் பாம்பு நஞ்சில்லாதது, ஆனால் கெக்கோ அதன் இயல்பான இரை. வலையில் சுண்டுவிரல் நுழையும் சந்து இருந்தாலும் அடைத்துவிடுங்கள்.

நகை எடை பார்க்கும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, வாரம் ஒரே நாளில், இரை கொடுக்கும் முன் எடை போட்டு எழுதிவையுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசுக்குத் தெரியும். குஞ்சு புது இடத்தில் நாலைந்து நாள் தின்னாமல் இருப்பது உண்டு. ஒரு வாரம் தாண்டினாலோ, எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால் குச்சியாக மெலிந்தாலோ காத்திருக்காதீர்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; ஊர்வன பார்க்கும் மருத்துவர் எந்நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். போகும்போது எடைக் குறிப்பையும், அன்று காலை போட்ட எச்சத்தைச் சுத்தமான மூடியுள்ள சிமிழிலும் எடுத்துச் செல்லுங்கள். குடல் புழுவா, வேறு தொற்றா என்பது அந்த எச்சத்தைப் பரிசோதித்தால்தான் தெரியும். காற்றோட்டமுள்ள டப்பாவில் டிஷ்யூவை மடித்துப் போட்டு, அதற்குள் குஞ்சை விட்டு, வெயிலேறும் முன் காலைப் பேருந்தில் கிளம்புங்கள்.